பன்னிரண்டாவது தலை

ஆயா தலையைத் தொட்டுத்தான் எண்ணுவாள். தள்ளி நின்று விரலை நீட்டி ‘ஒண்ணு, ரெண்டு’ என்று எண்ணுகிற சோலியெல்லாம் அவளிடம் கிடையாது. உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து ஒரு தட்டு. தட்டினால்தான் அந்தப் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம். காலையில் அம்மாக்கள் விட்டுப் போகும்போது ஒருமுறை, பால் கொடுக்கும்போது ஒருமுறை, மழை தூறினால் ஒருமுறை, நாய் குரைத்தால் ஒருமுறை என்று நாள் முழுக்கத் தட்டிக்கொண்டே இருப்பாள். தூங்குகிற பிள்ளையையும் விடமாட்டாள்.

எங்கள் எஸ்டேட்டின் பிள்ளைக்காம்பராவை அவள்தான் பார்த்துக்கொண்டாள். பெண்கள் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற கூடத்துக்கு இங்கே அதுதான் பெயர். சிலோன் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் கூடவே கொண்டுவந்த சொல். ஆயாவும் இளம்பெண்ணாக இருக்கும்போது அப்படி வந்தவள்தான். மண்டபம் முகாமில் பல மாதம் கிடந்து, பிறகு கூடலூர்ப் பக்கம் இந்த மலைக்கு ஏற்றிவிடப்பட்டவள். ஆள் கணக்கெழுதும் மஸ்டர் ரோலில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த யோக்கியதை எனக்கு ஏன் இல்லை என்பதைப் படித்து முடிக்கும்போது நீங்களே சொல்வீர்கள்.

நானும் அந்தக் காம்பராவில் வளர்ந்தவன்தான். பிற்பாடு எஸ்டேட் கொழுந்து லாரிக்கு டிரைவர் ஆனேன். முப்பத்தைந்து வயதில், மீசையும் தொந்தியுமாக லாரியை விட்டு இறங்கினாலும், ஆயா பக்கத்தில் வந்தால் என் தலையில் ஒரு தட்டு விழும்.

“ஆயா, எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. என் மகளே உன் காம்பராவுலதான் இருக்கா.”

“இருந்தா என்னா? எண்ணாத புள்ள காணாத புள்ளடா.”

இதைச் சொல்லும்போதும் சிரிக்கமாட்டாள். ஆயா சிரித்து நான் பார்த்ததே இல்லை. கோபக்காரி என்று சொல்லமாட்டேன். சிரிக்க நேரமில்லாதவள். ஒருமுறை மேனேஜரின் மனைவி மிட்டாய் டப்பாவோடு காம்பராவைப் பார்க்க வந்தார். நல்ல மழை. மூங்கில் படலுக்கு இரண்டு கொக்கிகள் உண்டு; யானையும் காட்டெருமையும் நடமாடுகிற இடமாயிற்றே. “கொஞ்சம் நில்லுங்கம்மா, எண்ணிட்டுத் தொறக்கிறேன்” என்றாள் ஆயா. அந்த அம்மாள் நனைந்துகொண்டே நின்றார். அப்போது பதினான்கு பிள்ளைகள். பதினான்கு தலையையும் தட்டி முடித்த பிறகுதான் கொக்கி விழுந்தது. வெளியே கூட்டிப்போனாலும் அவளிடம் ஒரு ஒழுங்கு உண்டு. முன்னால் போகிற பிள்ளையின் சட்டை வாலைப் பின்னால் வருகிற பிள்ளை பிடித்துக்கொள்ளவேண்டும். விட்டால் அவ்வளவுதான், காது தனியாக வந்துவிடும்.

இப்படிப்பட்டவளின் வாழ்க்கையைத்தான் நான் கெடுத்தேன்.

எப்படி என்று சொல்கிறேன். எங்கள் எஸ்டேட்டில் யாரும் டாக்டரிடம் போவது லேசில் நடக்காது. போனால் ஒருநாள் கூலி போச்சு, பஸ்ஸுக்குப் போச்சு, வரிசையில் நின்று காலும் போச்சு. அதனால் ஒரு பழக்கம். ஒருமுறை டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை தீர்ந்ததும், காலி அட்டையை என்னிடம் கொடுத்துவிடுவார்கள். டவுனில் மருந்துக்கடையில் அதைக் காட்டினால் அதே மாத்திரை கிடைக்கும். டிரைவர் சீட்டுக்கு மேலே வெயிலை மறைக்க ஒரு பலகை இருக்கிறதே, அதன் இடுக்கில் எப்போதும் முப்பது காலி அட்டைகள் செருகியிருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவால் லயத்து வீட்டு நம்பர்; லயம் என்றால் நாங்கள் குடியிருக்கிற வரிசைவீடு. கடைக்காரர் மலையாளி, தங்கமான மனுஷன். “எந்தா டிரைவரே, இன்னு எத்ர வீடு?” என்று அன்றைய வீட்டுக் கணக்கைக் கேட்டுக்கொண்டே அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்புவார். எனக்கும் அதில் ஒரு பெருமை. மேட்டு லயத்துக் கிழவிக்குச் சர்க்கரை மாத்திரை என்னால், கீழ் லயத்துக்காரருக்குப் பிரஷர் மாத்திரை என்னால். பெரிய தர்மப்பிரபு!

ஒரு மழைக்காலத்தில் ஆயாவுக்கு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனை கத்துவதுபோல் சத்தம். மருத்துவ முகாமுக்கு வந்த டாக்டர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரையைப் பத்து நாளைக்குக் கொடுத்தார். கசப்பு மாத்திரை. பத்தே நாளில் ஆயா மூச்சிரைக்காமல் மேடேறினாள். மாத்திரை நின்றதும் பூனை திரும்ப வந்தது. ஆயா காலி அட்டையை நீட்டினாள்.

“இதையே கொண்டாடா. இதுதான் கேக்குது.”

கொண்டுவந்தேன். ஐந்து மாதம் கொண்டுவந்தேன். நடுவில் ஒருநாள், “ரெண்டு அட்டையா வாங்கிட்டு வா, ஒண்ணுக்கு ரெண்டா போட்டா இன்னும் நல்லாருக்கு” என்றாள். அதையும் செய்தேன். ஆயாவின் முகம் உருண்டு, கன்னம் உப்பிக்கொண்டு வந்தது. “இந்த வயசுல ஆயா பூரிச்சுட்டா பாரு” என்று பெண்கள் கேலி பேசினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிறகு ஆயாவே சிரிக்க ஆரம்பித்தாள்.

முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். அறுபத்தாறு வயதுவரை வாயைத் திறக்காதவள் பேசுகிறாள், பாடுகிறாள், லாரியை மறித்து ஏறிக்கொண்டு, “வேகமா ஓட்டுடா, மாட்டு வண்டியா இது?” என்கிறாள்! தூங்குவதே இல்லை. விடிவதற்குள் இரண்டு லயத்துச் சாக்கடையையும் அள்ளிவிட்டு நிற்பாள். “எதுக்குத் தூக்கம்? செத்தப்புறம் கெடந்து தூங்கிக்கலாம்” என்பாள். புடவைகளை யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்தாள். கேட்காதவர்களுக்கும் கொடுத்தாள். பேச்சு ஒன்றைத் தொட்டு ஒன்று ஓடும். நம் வாய்க்கு இடமே இருக்காது. முடிவில் எப்போதும் கப்பலில் வந்து நிற்கும். “இந்தப் புள்ளைங்க அத்தனையும் கப்பல்ல ஏத்தி, சிலோனக் காட்டிட்டுக் கொண்டாரப் போறேன். தொரைகிட்ட லீவு சொல்லிட்டேன்.”

“ஆயாவுக்கு வயசு திரும்புது” என்றார்கள் முதலில். அடுத்து, சாமி வந்திருக்கிறது என்றார்கள். மாரியம்மன் கோயிலில் அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் குறி என்று நம்பிப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பூசாரி கையில் கயிறு கட்டினார். எதிர்த்துப் பேசினால் ஆயா காளியாக மாறினாள். கங்காணியின் முகத்தில் டீயை ஊற்றினாள். உடனே, சாமி இல்லை, முனி என்றார்கள். இத்தனை பேச்சுக்கும் நடுவில், வாரம் தவறாமல் இரண்டு அட்டை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன் நான். என் மரமண்டைக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

ஒரு விஷயம் மட்டும் மாறவே இல்லை. அந்த ஆட்டத்திலும் பிள்ளைகளின் தலையை எண்ணுவதை அவள் விடவில்லை. அதனால்தான் எங்களுக்குப் பயம் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம். எடை போடும் ஷெட்டில் கொழுந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். என் மனைவி தேயிலைக்குள் விழுந்தடித்து ஓடிவந்தாள்.

“காம்பரா தொறந்து கெடக்குங்க. ஒரு புள்ளையும் இல்ல. ஆயாவும் இல்ல.”

பிறகு நான் ஓடிய ஓட்டம் என் காலுக்குத்தான் தெரியும். மூடுபனி இறங்கி, ஐம்பதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கீழே சதுப்புப் பக்கம் பாட்டுச் சத்தம் கேட்டது. போய் நின்றேன். பதினோரு பிள்ளைகளும் வரிசையாக, ஒன்றன் சட்டை வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். முதலில் என் மகள், ஆயாவின் விரலைப் பிடித்துக்கொண்டு. அவர்களுக்கு எதிரில், இருபதடி தூரத்தில், ஆறு காட்டெருமைகள். ஒன்று தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் வயிற்றுக்குள் இருக்கிறது.

“ஆயா” என்றேன்.

“கத்தாதடா. கப்பல் வந்துருச்சு பாரு. எண்ணிட்டுத்தான் ஏத்தணும்.”

ஆயா தண்ணீரில் நடந்து ஒவ்வொரு தலையாகத் தட்டினாள். ஒம்பது, பத்து, பதினொண்ணு என்று முடித்துவிட்டு, கடைசியில் நின்ற என்னிடம் வந்தாள். எட்டி என் தலையில் கையை வைத்தாள்.

“பன்னெண்டு. ஒண்ணும் கொறையல. போலாம்.”

என்ன நினைத்ததோ, காட்டெருமைகள் திரும்பி மூங்கிலுக்குள் போய்விட்டன. நான் அறைந்தேன். ஆமாம், என்னைத் தூக்கி வளர்த்தவளை, பிள்ளைகள் பார்க்க, கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். ஆயா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்தாள். “அடிச்சுட்டான் பாருங்கடா!” என்றாள். பிள்ளைகளும் சிரித்தன.

அன்றே ஆபீஸில் ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அவள் மகன் வந்து, அவளை லயத்து அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டான். மறுநாள் அவன் காலி அட்டையோடு என் லாரிக்கு வந்தான். “அம்மா குடுத்துச்சுண்ணே. நீங்க வாங்கித் தருவீங்கன்னு சொல்லுச்சு.”

என் கோபம் அடங்கவில்லை. “உங்கம்மாவுக்கு இனி ஒண்ணும் வாங்கித் தரமாட்டேன், போ” என்று சொல்லி, அட்டையைப் பலகை இடுக்கில் செருகினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

நாலாம் நாள் அறைக்குள் பாட்டு நின்றது. “பூசாரி கயிறு வேலை செஞ்சிருச்சு” என்றார்கள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஐந்தாம் நாள் காலை மகன் ஓடிவந்தான். ஆயா தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். குடித்த தண்ணீர்கூட வாந்தி. கையைத் தொட்டால் ஐஸ். அதற்குமேல் வீம்பு பிடிக்க நான் கல் இல்லை. லாரியின் முன்சீட்டில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா. கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. நாடி பார்த்துக்கொண்டே கேட்டார்: “இந்தச் சிரிப்பு, பாட்டு, தூங்காம இருக்கறது, இதெல்லாம் இவங்களுக்கு முன்னாடி எப்பவாச்சும் வந்திருக்குதுங்களா? சின்ன வயசுல?”

“இல்லவே இல்லைங்க” என்றான் மகன். “எங்கம்மா சிரிச்சே பாத்ததில்லைங்க. முனி...”

“முனி இருக்கட்டும். அறுபது தாண்டி மொத மொதலா இப்படி ஆச்சுன்னா, நாங்க மொதல்ல ஒடம்பத்தானுங்க சந்தேகப்படுவோம். தைராய்டு கூடியிருக்கலாம், மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல அடைப்பு இருக்கலாம், கட்டி இருக்கலாம், காய்ச்சல் கிருமிகூட இருக்கலாம். எல்லாத்தையும் பாக்கறேன். அதுக்கு முன்னால, என்ன மாத்திரை சாப்பிடறாங்க, அதச் சொல்லுங்க.”

“மாத்திரைங்களா...” என்று மகன் என்னைப் பார்த்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. லாரிக்கு ஓடி, பலகை இடுக்கிலிருந்து அந்த அட்டையை உருவிக் கொண்டுவந்தேன். டாக்டரம்மா அட்டையைப் பார்த்தார், ஆயாவின் உருண்ட முகத்தைப் பார்த்தார்.

“ஸ்டீராய்டு. எத்தன நாளா?”

“அஞ்சு மாசம் இருக்கும்ங்க. ஒண்ணுக்கு ரெண்டா.”

“கடவுளே. இதே போதும், வயசானவங்களை இப்படி ஆட்டி வைக்கறதுக்கு. கடைசியா எப்பச் சாப்பிட்டாங்க?”

“அஞ்சு நாளாச்சுங்க.”

“இதைப் பட்டுனு நிறுத்தக்கூடாதுங்க! ஒடம்பு தானாச் சுரக்கறதயே மறந்திருக்கும். நிறுத்தினா உசுருக்கே ஆபத்து. யாரு நிறுத்தினது? யாரு இதை இத்தன நாளா வாங்கிக் குடுத்துக்கிட்டிருந்தது?”

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அந்தப் பதில் அங்கே டிரைவர் சட்டை போட்டுக்கொண்டு நின்றது. கட்டிலில் கிடந்த ஆயா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “நானேதாம்மா கடையில கேட்டு வாங்குனேன்” என்றாள். ஐந்து மாதமாக அவள் எஸ்டேட்டைத் தாண்டவே இல்லை. மகன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டான்.

அதே மருந்தை ஊசியாகப் போட்டுத்தான் டாக்டரம்மா அவளைக் காப்பாற்றினார். ரத்தம், தலை ஸ்கேன், தைராய்டு எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு வாரக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இழுப்புக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து வந்தது. சிரிப்பும் பாட்டும் போய், பழைய ஆயா திரும்பி வந்தாள். டாக்டரம்மா எஸ்டேட்டுக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்: இது பைத்தியம் அல்ல, மருந்தால் வந்தது, மருந்து போனதும் போய்விட்டது.

கடிதத்தை வைத்து மஸ்டர் ஷெட்டில் கூட்டம் கூட்டினார்கள். ஆயாவுக்குக் காம்பரா வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். நாற்பது வருஷம் இருந்த அறை. ஃபீல்டு ஆபீஸர் நல்ல மனிதர்.

“ஏனுங்க, டாக்டர் லெட்டர் குடுத்திருக்காங்க. நம்பறேன். மேனேஜர் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. டாக்டர் சீட்டே இல்லாம அஞ்சு மாசம் அந்த மருந்து இங்க எப்படி வந்துச்சு? யாரு கொண்டாந்தாங்க? அது தெரிஞ்சா, இனிமே வராதுன்னு நானே எழுதிக் குடுத்து ஆயாவ வேலைல உக்கார வைப்பேன். தெரியலைன்னா, நாளைக்கு மறுபடியும் இப்படி ஆச்சுன்னா யாருங்க பொறுப்பு?”

ஷெட்டில் முப்பது குடும்பம் நின்றது. முப்பது பேருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் என் லாரியில் ஒரு காலி அட்டை இருந்தது. எஸ்டேட் வண்டியில் வெளிச்சாமான் ஏற்றினால் டிரைவருக்கு வேலை இருக்காது என்று ஆபீஸ் சுவரிலேயே எழுதியிருக்கிறது. நான் போனால் அட்டையும் போச்சு, மருந்தும் போச்சு. ஒருத்தன் இருமினான், உடனே அடக்கிக்கொண்டான்.

“டிரைவர், நீங்க தெனம் டவுனுக்குப் போறவரு. உங்களுக்கு எதாவது தெரியுங்களா?”

என் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரில் நின்றாள். ஆயா ஒரு மூலையில், முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“தெரியாதுங்க” என்றேன்.

“ஆயா, நீங்களாச்சும் சொல்லுங்க.”

“எனக்கு ஞாபகம் இல்லீங்க, தொரை.”

அவ்வளவுதான். ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் மனிதனா?

ஆயாவுக்கு வேலையும் போச்சு, அறையும் போச்சு. மகன் திருப்பூருக்குக் கூட்டிப்போக வந்த அன்று, ஆயாவின் தகரப்பெட்டியை பஸ் நிறுத்தம்வரை நான்தான் தூக்கிப்போனேன். மகன் டீ குடிக்கப் போன நேரத்தில், “ஆயா, நான்...” என்று தொடங்கினேன்.

“வாய மூடு. உன்னைய நிறுத்திட்டா மேட்டு லயத்துக் கெழவிக்குச் சக்கர மாத்திரை யாரு கொண்டாருவா? ஒனக்கும் புள்ள இருக்கு.” பெட்டியைக் காலருகே இழுத்துக்கொண்டாள். “டேய், அந்த நாளுல நான் சந்தோசமா இருந்தேனே. அதுவும் மாத்திரைதானா?”

“ஆமா ஆயா.”

“சரி” என்றாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஜன்னலுக்குக் கீழே போய்த் தலையைக் காட்டிக்கொண்டு நின்றேன், ஏதோ பாவமன்னிப்பு வாங்க வந்தவன்போல. ஆயா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“இனிமே நான் யாரையும் எண்ணமாட்டேன்டா” என்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

இப்போதும் என் லாரியில் காலி அட்டைகள் இருக்கின்றன. அந்த வெள்ளை மாத்திரை அட்டையை யாராவது நீட்டினால் மட்டும் வாங்கமாட்டேன். “ஏறு வண்டியில, டாக்டர்கிட்டக் காட்டிட்டு வரலாம்” என்பேன். ஏன் என்று கேட்டால் சொல்லமாட்டேன். சொன்னால் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வருமே.

எஸ்டேட்டில் இன்றைக்கும் பேச்சு, ஆயாவுக்கு முனி பிடித்துப் பிள்ளைகளைக் காட்டெருமைக்குக் கொடுக்கப் பார்த்தாள் என்பதுதான். அடம்பிடிக்கிற பிள்ளைகளை அவளைச் சொல்லித்தான் மிரட்டுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. “திங்காட்டி அந்தப் பைத்தியக்கார ஆயா வந்து உன்னையத் தூக்கிட்டுப் போயிரும்” என்றாள் என் மனைவி.

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்றைக்குச் சதுப்பில் முதல் ஆளாக, ஆயாவின் விரலைப் பிடித்து நின்றவள்.

“அப்பா, ஆயா நெசமாவே பைத்தியமா?”

“பேசாம சோத்தைத் தின்னு” என்றேன்.